குத்துமதிப்பு

போன ஞாயிறு துணி காயப்போட மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் அண்ணன் மகள் உட்கார்ந்து மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதிக்கொண்டிருந்தாள். ஃபோனில் இருபது நிமிடக் கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கெட் துணியையும் உதறிக் காயப்போட்டுவிட்டு எட்டிப் பார்த்தால், ஒரு டேபிளும் அதன் கீழே ஐந்து கேள்விகளும். அவள் மூன்றாவதில் நின்றிருந்தாள். தாள் முழுக்க வகுத்தல். ஒரு விடையை மூன்று தசம இடம் வரைக்கும் இழுத்து வைத்திருந்தாள்.

"எத்தனை நிமிஷம் ஆச்சுடி இதுக்கு?"

"ஏழு அத்தை."

"ஆப்ஷனைப் பாத்தியா?"

"கணக்கு முடிச்சிட்டுத்தானே பாக்கணும்?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. விடையை முதலில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது பள்ளியில் திருட்டு. வழிமுறைக்கு மார்க், விடைக்கு மார்க், கீழே அடிக்கோடு. 'சுமார் இவ்வளவு வரும் மிஸ்' என்று சொன்ன பிள்ளையை எந்த மிஸ்ஸும் மெச்சி நான் பார்த்ததில்லை. குத்துமதிப்பு என்ற சொல்லையே நாம் திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம்: 'எல்லாத்தையும் குத்துமதிப்பா செய்யாதே.'

நானும் அப்படிப் படித்து வந்தவள்தான். அதற்கு 2018 அக்டோபரில் விலை கொடுத்தேன்.

வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வு. கணக்குப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். 1,200 விநாடியை 35ஆல் வகுத்தால் கேள்விக்கு 34 விநாடி. தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். கால்குலேட்டர் கிடையாது. கையில் ஒரு ரஃப் ஷீட், ஒரு பேனா, எதிரே ஒரு திரை. வண்டலூர் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்கு இடம் விழுந்திருந்தது. பெரம்பூரிலிருந்து விடிவதற்கு முன்னே கிளம்பிப் போய், கேட் திறக்கும்வரை வெளியே நின்று, சதவீத வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஒரு பை சார்ட் வந்தது, 360 டிகிரி வட்டத்தைப் பங்கு பங்காக வெட்டிக் காட்டும் படம். அதே போன்ற எண்களை வைத்தே சொல்கிறேன். மொத்தம் 48,750 பேர். ஒரு துறையின் கோணம் 83 டிகிரி. அந்தத் துறையில் எத்தனை பேர்? நான் என்ன செய்தேன் தெரியுமா? 48,750ஐ 83ஆல் பெருக்கினேன். முதல் தடவை ஒரு மீதியை ஏற்ற மறந்து, அடித்துவிட்டு மறுபடி பெருக்கி, 40,46,250 என்று கொண்டுவந்து, அதை 360ஆல் வகுக்க ஆரம்பித்தேன். 11,239.58. நிமிர்ந்து ஆப்ஷன்களைப் பார்த்தேன்: 9,800, 11,240, 12,900, 14,100. சரியான விடைதான். இரண்டரை நிமிடம். அந்த ஒரு மார்க்குக்கு நான் நான்கு கேள்விகளைக் கொன்றிருந்தேன். அந்தப் பகுதியில் கட்ஆஃபுக்கு ஒன்றே முக்கால் மார்க் குறைந்துபோனது. மற்ற இரண்டு பகுதியும் பாஸ்.

வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியைத் திரும்ப எழுதிப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. 90 டிகிரி என்றால் மொத்தத்தில் கால் பங்கு. 48,750இல் கால் பங்கு 12,000க்குக் கொஞ்சம் மேல். 83 அதைவிடக் குறைவு. அப்போதே 12,900, 14,100 இரண்டும் போயின. 72 டிகிரி என்றால் ஐந்தில் ஒன்று, 9,750. 83 அதைவிட நன்றாகவே அதிகம், ஆகவே 9,800ம் போயிற்று. மிச்சம் ஒன்றுதான். பேனாவைத் தொடவே வேண்டாம்.

நான் சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பில் குறுக்குவழி என்று நூற்றைம்பது சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபார்முலா, ஒவ்வொரு ஃபார்முலாவுக்கும் ஒரு விதிவிலக்கு. 'முதலில் ஆப்ஷனைப் பார், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு தூரம் என்று பார், அந்தத் தூரம் எவ்வளவு முரட்டுத்தனமாகக் கணக்குப் போட இடம் தருகிறது என்று பார்' என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் இந்த மாதிரித் தாள்களில் சில கேள்விகள் 'கேள்விக்குறியின் இடத்தில் தோராயமாக என்ன வரும்' என்று வாய்விட்டே கேட்கும். அதை மட்டும் தோராயமாகப் போட்டுவிட்டு, டேபிளுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாகி நீள் வகுத்தலில் இறங்கிவிடுவோம்.

அந்த நவம்பரிலிருந்து வேறு மாதிரி படித்தேன். தினமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கும் பகுதி. பெரம்பூரில் ரயில் ஏறி மூர்மார்க்கெட் காம்ப்ளக்ஸில் இறங்கி, பார்க் டவுனுக்கு நடந்து, அங்கே வேளச்சேரி பறக்கும் ரயில். கையில் அன்றைய பேப்பர் இருக்கும். சென்னையில் பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் அந்தக் கட்டம் தெரியும்: ஏரிகள் நீர் நிலவரம். பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நான்கும் சேர்ந்து 11,257. (ஐந்தாவதாகக் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகையின் 500 வந்து சேர்ந்தது 2020இல், இப்போது மொத்தம் 11,757.) பக்கத்தில் இன்றைய இருப்பு, போன வருஷம் இதே நாள் இருப்பு. டிஐ (டேபிள், சார்ட் பார்த்துப் போடும் கணக்கு) புத்தகத்தில் இருக்கும் கற்பனை நிறுவனங்களின் கற்பனை விற்பனையைவிட இது எனக்கு ஒட்டியது. நம் வீட்டுக் குழாயில் வரப்போகிற எண்கள் அல்லவா?

விளையாட்டு இதுதான்: ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு கணக்கு. சேப்பாக்கத்தில் கதவு நகர்ந்தால் திருவல்லிக்கேணிக்குள் விடை வேண்டும். பேனா கூடாது.

செம்பரம்பாக்கத்தில் ஒரு நாள் 2,287 இருக்கிறது என்று வையுங்கள். கொள்ளளவில் எத்தனை சதவீதம்? 3,645இல் பத்து சதவீதம் 364.5. அறுபது என்றால் 2,187. மிச்சம் சரியாக 100. ஒரு சதவீதம் 36 சொச்சம், நூறுக்குள் அது இரண்டே முக்கால் தடவை போகும். ஆக 62.7. லைட் ஹவுஸ் வரைக்கும்கூட போகத் தேவையில்லை.

புழல் சுலபம், 33க்கு ஒரு சதவீதம். சோழவரம்தான் எனக்கு ஒரு பாடம் கற்றுத் தந்தது. 1,081ஐ ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் 700 இருப்புக்கு 70 சதவீதம். ஆனால் கீழே இருக்கும் எண் ஆயிரத்தைவிட 8 சதவீதம் அதிகமாயிற்றே என்று, விடையிலும் 8 சதவீதம் குறைத்தால் 64.4 வரும். உண்மையில் 64.75. வகுக்கும் எண் 8 சதவீதம் ஏறினால் விடை இறங்குவது 8 அல்ல, 108இல் 8, அதாவது 7.4 சதவீதம். சின்ன வித்தியாசம்தான். ஆப்ஷனில் 64.4ம் 64.8ம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

அப்புறம் அந்த விளையாட்டு நின்றுபோனது. காரணம் உங்களுக்கே தெரியும். 2019 ஜூனில் நான்கு ஏரியையும் கூட்டினாலும் ஒரு சதவீதம் தேறவில்லை. கணக்குப் போட அந்தக் கட்டத்தில் எதுவுமே இல்லை. நான் காலையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துவிட்டு, இடம் போகாமல் அம்மாவை நிறுத்திவிட்டு, நூலகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ரயிலில் பேப்பருக்குப் பதில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக்கொண்டேன். தமிழ்நாடு 7,21,47,030. சென்னை 46,46,732. சென்னையின் பங்கு எத்தனை சதவீதம்?

இந்த இடத்தில் பாட்டியைக் கூப்பிட வேண்டும்.

எங்கள் வீட்டில் பாட்டியின் பித்தளை ஆழாக்கு இன்னும் இருக்கிறது. இப்போது அதில் சேஃப்டி பின்னும் ரப்பர் பேண்டும் கிடக்கின்றன. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு படி. அப்படியானால் ஆழாக்கு படியில் எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். வாய்ப்பாடாக எழுதி ஒட்டினபோது மண்டையில் ஏறாத எண்கள், அரிசி அளக்கிற பாத்திரமாக வந்ததும் ஏறிக்கொண்டன. 37.5 என்றால் மூன்று ஆழாக்கு. 62.5 என்றால் ஐந்து ஆழாக்கு. மேலே சொன்ன செம்பரம்பாக்கம் ஐந்து ஆழாக்குக்கு ஒரு பிடி கூட, அவ்வளவுதான். 87.5 என்றால் படிக்கு ஒரு ஆழாக்கு குறைவு. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் இதற்கும் கீழே ஒரு பெரிய குடும்பமே உண்டு. வீசம் என்பது பதினாறில் ஒன்று, 6.25 சதவீதம். மா இருபதில் ஒன்று, 5 சதவீதம். இருமா பத்து சதவீதம், நாலுமா இருபது. காணி எண்பதில் ஒன்று, ஒன்றே கால் சதவீதம். நாம் தொலைத்தது இதைத்தான், தொலைத்துவிட்டு 'பெர்சென்டேஜ் டு ஃபிராக்ஷன் ட்ரிக்ஸ்' என்று வீடியோ பார்க்கிறோம்.

சென்னைக்கு வருவோம். 721 லட்சத்தில் பதினாறில் ஒன்று 45 லட்சம். நமக்கு 46 லட்சத்து 47 ஆயிரம். வீசத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு சதவீதம் 7.2 லட்சம் என்பதால் அந்தக் கூடுதல் ஒன்றரை லட்சம் 0.2 சதவீதம். ஆக 6.45 பக்கம். சரியான விடை 6.44. தமிழ்நாட்டில் வீசம் பங்கு சென்னை என்று அன்றிலிருந்து எனக்கு மறக்கவே இல்லை. (இது பழைய எல்லைச் சென்னை.)

ஏழில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினொன்றில் ஒன்று மட்டும் பாட்டியிடம் பாத்திரமாகக் கிடைக்கவில்லை. 14.28, 11.11, 9.09 என்று தனியாக நெட்டுருப் போட்டேன்.

மாடியில் அவளிடம் இத்தனை கதையும் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவாள். அவள் திணறிக்கொண்டிருந்த மூன்றாவது கேள்வியை மட்டும் எடுத்தேன். ஐந்து வருஷ விற்பனை: 412, 487, 561, 655, 739. எந்த வருஷம் வளர்ச்சி விகிதம் அதிகம்? அவள் நான்கு வகுத்தலுக்குத் தயாராகி, முதல் இரண்டை முடித்திருந்தாள்.

"ஏற்றத்தை மட்டும் எழுது," என்றேன். 75, 74, 94, 84.

முதல் ஏற்றம் 412 மேல் 75. இரண்டாவது 487 மேல் 74. அடி பெருத்திருக்கிறது, ஏற்றம் குறைந்திருக்கிறது. வகுத்துப் பார்க்க என்ன இருக்கிறது, இரண்டாவது தோற்றாயிற்று. நான்காவது 655 மேல் 84. மூன்றாவது 561 மேல் 94. அதே கதை, நான்காவதும் அவுட். மிச்சம் ஒன்றும் மூன்றும். 412இலிருந்து 561க்கு அடி மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே வளர்ந்திருக்கிறது. 75இலிருந்து 94க்கு ஏற்றம் கால் பங்குதான் வளர்ந்திருக்கிறது. அடி வளர்ந்த வேகத்துக்கு ஏற்றம் ஈடுகொடுக்கவில்லை. ஆகவே முதலாவதுதான்.

அவள் என்னை நம்பவில்லை. நான்கையும் வகுத்துப் பார்த்தாள். 18.2, 15.2, 16.8, 12.8. கொஞ்சநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நாலாவது கேள்வி ஆவரேஜ். அதுக்கு என்ன பண்ணுவ?" என்றாள். கூட்டி ஐந்தால் வகுப்பதை விட்டுவிட்டு நடுவே ஒரு எண்ணை ஊகி என்றேன். 570 என்றாள். இனி ஒவ்வொன்றும் 570க்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே? கீழே 158, 83, 9. மேலே 85, 169. கீழே 250, மேலே 254. நான்கு மிச்சம், ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் 0.8. சராசரி 570.8. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, பள்ளிப் புத்தகத்தில் ஊகச் சராசரி என்று இருக்கிறது. அங்கே அதைப் பெரிய பட்டியல் போட்டு ஐந்து மார்க் கணக்காக ஆக்கிவைத்திருப்பதால், இது வேலையைக் குறைக்க வந்தது என்பதே பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

அவளுடைய சிநேகிதி ஒருத்தி எம்பிஏ நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதுகிறாளாம். அங்கே திரையிலேயே கால்குலேட்டர் தருகிறார்கள், அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று பொருமினாள். மவுஸால் ஒவ்வொரு இலக்கமாக அழுத்தி 48,750 போட்டுப் பார், அப்புறம் தெரியும் என்றேன். எந்தக் கணக்கை அழுத்த வேண்டும் என்று அந்தக் கால்குலேட்டர் சொல்லாது.

குத்துமதிப்பு எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்ஷன்கள் 23.4, 23.9, 24.3 என்று ஒட்டி நின்றால் ஒழுங்காக வகுத்துத்தான் ஆக வேண்டும், அல்லது அந்தக் கேள்வியை விட்டுவிட்டு நகர வேண்டும். ஐந்தாவது ஆப்ஷன் 'நன் ஆஃப் தீஸ்' என்று இருந்தால் இன்னும் உஷார். மற்ற நான்கில் ஒன்று கிட்டத்தட்ட வருகிறதே என்று டிக் போட்டால் கால் மார்க் காலி. ஆள் கணக்கு வரும் இடங்களில் வகுபடுவதைப் பார்க்கலாம்: ஆண் பெண் விகிதம் 5:7 என்றால் மொத்தம் 12ஆல் வகுபட வேண்டும், அரை ஆள் யாரும் கிடையாது. பல தடவை அது ஒன்றே மூன்று ஆப்ஷன்களைத் தள்ளிவிடும்.

2019 அக்டோபரில் முதல்நிலை, அடுத்து மெயின், இன்டர்வியூ எல்லாம் தாண்டி வேலைக்கு வந்தேன். வந்து உட்கார்ந்த இடம் கேஷ் கவுன்டர். குத்துமதிப்பால் உள்ளே வந்தவளுக்கு, சாயங்காலம் ஐந்து ரூபாய் இடித்தால்கூட எழுந்து போக முடியாத வேலை. ஒருநாள் இருநூறு ரூபாய் குறைந்து, எட்டு மணிவரை வவுச்சர் புரட்டினேன். 'கிட்டத்தட்ட டேலி ஆயிடுச்சு சார்' என்று மேலாளரிடம் சொல்லிப் பாருங்கள். ஆனாலும் கவுன்டருக்கு வரும் பெரியவர்கள் 'இந்தப் பணம் எப்போம்மா ரெண்டு மடங்காகும்' என்று கேட்டால் கை கால்குலேட்டருக்குப் போகாது. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்து, 8 சதவீதமா, ஒன்பது வருஷம் ஐயா என்று சொல்லிவிடுவேன்.

இத்தனையும் சொல்லி முடித்து, ஒரு ஆசிரியை மிடுக்கோடு கடைசிக் கேள்வியைப் படிக்கச் சொன்னேன். 1,246 பேரில் 38.7 சதவீதம் எத்தனை பேர், தோராயமாக. ஆப்ஷன்கள் 472, 482, 494, 500, 512.

"40 சதவீதம், 1,250. ஐநூறுடி," என்றேன்.

அவள் எதுவும் பேசாமல் தாளைத் திருப்பி எழுதினாள். 40 சதவீதம் 498. அதிலிருந்து 1,246இல் 1.3 சதவீதம், அதாவது 16, கழித்தால் 482.

இரண்டு எண்ணையும் ஒரே பக்கம் ஏற்றிவிட்டேன். பெருக்கலில் ஒன்றை ஏற்றினால் இன்னொன்றை இறக்க வேண்டும், முடியாவிட்டால் எவ்வளவு ஏற்றினோம் என்று நினைவில் வைத்துக் கடைசியில் கழிக்க வேண்டும். ஆப்ஷன்களும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தள்ளித்தான் இருந்தன. நான் விட்ட பிழை பதினெட்டு. கேள்வி எடுத்தவர் என்னைப் போன்ற ஆளுக்காகத்தான் அந்த 500ஐ அங்கே வைத்திருக்கிறார்.

டெஸ்ட் எப்போதோ முடிந்திருந்தது. ரஃப் ஷீட்டின் மூலையில் கட்டம் கட்டி எழுதினாள்: அத்தை, –0.25.